மீன்பிடி விடுதி தொடங்க ஆசை: எங்கிருந்து ஆரம்பிப்பது?

நீர்க்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

ஆற்றங்கரையில் எங்கள் குடும்ப நிலம் கொஞ்சம் இருக்கிறது. மேலே போனால் முழுக்க நன்னீர். கீழே படகில் முக்கால் மணி நேரம் போனால் கழிமுகம், அதைத் தாண்டினால் கடல். தூண்டில் போடுவதற்கென்றே ஊர்விட்டு ஊர் பயணம் வருகிறவர்களுக்கு அங்கே ஒரு முழு விடுதி நடத்த வேண்டும் என்பது என் பல வருட ஆசை. வந்து இறங்கும் இடத்திலிருந்து அழைத்து வருவது, தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, படகு, படகோட்டி, தூண்டில் சாமான், பிடித்த மீனைச் சுத்தம் செய்து உறையவைத்துக் கட்டிக்கொடுப்பது வரை எல்லாமே நம் பொறுப்பு. வருகிறவர் மாற்றுத்துணி மட்டும் கொண்டுவந்தால் போதும்.

கட்டட வரைபடம் தயார். 12 அறைகள், 24 பேர், 6 படகுகள், ஆற்றைப் பார்த்தபடி ஒரு பெரிய முற்றம். 12 அறையையும் ஒரே மூச்சில் கட்டிவிடலாமா, இரண்டு கட்டமாகவா? கூரைக்கு மரமா, ஓடா? படகுத்துறையை முற்றத்துக்கு நேர் எதிரே போடலாமா? இந்தத் தொழிலில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய துடுப்பு

தம்பி, உங்கள் ஆசை நல்ல ஆசை. 14 வருடம் 10 பேர் தங்கும் மீன்பிடி விடுதி ஒன்றை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வரைபடத்தைச் சுருட்டி அலமாரியில் வையுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்.

ஒரு முழு வருடம் தண்ணீரைப் பாருங்கள். பத்து இடங்களைக் குறித்துக்கொண்டு வாரம் ஒருமுறை அதே பத்து இடங்களுக்குப் போங்கள். நீர்மட்டம், காலையில் தண்ணீரின் வெப்பம், மதியம் 2 மணிக்கு வெப்பம், காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எவ்வளவு தெளிவு, எந்த மீன் எந்த இரைக்குக் கடித்தது, எத்தனை பேர் எத்தனை மணி நேரம் போட்டு எத்தனை மீன். தெளிவைப் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு வெள்ளைத் தட்டில் கயிறு கட்டி இறக்குங்கள். எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதை எழுதுங்கள்.

ஒன்றுமே கடிக்காத நாளையும் எழுத வேண்டும். அந்த நாட்கள்தான் உங்கள் தொழிலின் அளவைச் சொல்லும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வருடத்தில் 22 வாரம் மீன் நன்றாக இருக்கிறது என்று நோட்டு சொல்கிறது என்று வையுங்கள். அதில் வெள்ளத்துக்கும் காற்றுக்கும் 4 வாரம் போனால் மிச்சம் 18. ஒரே நேரத்தில் எட்டுத் தூண்டில், அதாவது எட்டுப் பேர் என்றால் 144 வார இடங்கள். முதல் வருடம் பாதி நிரம்பினாலே பெரிது, ஆக 72. வருடச் சம்பளம், காப்பீடு, எரிபொருள், கடன் வட்டி எல்லாவற்றையும் கூட்டி 72ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு விருந்தினர் ஒரு வாரத்துக்குச் சுமக்க வேண்டிய செலவு அதுதான்.

24 பேர் என்று போட்டால் வகுக்கும் எண் பெரிதாகி, தாளில் கணக்கு அழகாகத் தெரியும். ஆனால் அந்த 24 தூண்டிலையும் அந்த ஆறு தாங்குமா என்பதை யார் பார்ப்பது? ஐஸ்லாந்தின் சால்மன் ஆறுகளில் ஓர் ஆற்றில் ஒரு நாளில் எத்தனை தூண்டில் என்பதற்கு வரம்பு உண்டு. ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் மீன்பிடிக்கவும் கூடாது. பெரும்பாலும் நடுப்பகலில் சில மணி நேரம் ஆறு சும்மா இருக்கும். மீனுக்கும் ஓய்வு, படகுக்காரனுக்கும் ஓய்வு. அப்படிக் கட்டுப்பாட்டோடு இருப்பதால்தான் உலகமெங்கும் இருந்து அங்கே ஆள் போகிறார்கள்.

படகுத்துறை பற்றிக் கேட்டீர்கள். நான் செய்த தவறைச் சொல்கிறேன். ஆறு நிறைந்திருந்த பருவத்தில் இடம் பார்த்துத் துறை கட்டினேன். நீர் வற்றியபோது துறைக்கும் படகுக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு மேல் இடைவெளி. அறுபது வயதுக்காரர்கள் விடியாத இருட்டில், ஒரு கையில் தூண்டில் கழியோடு, பாசி பிடித்த எட்டுப் படி ஏணியில் இறங்குவதை நான் மேலே நின்று பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு காலையும் வயிற்றைப் பிசையும். இரண்டாம் வருடமே அதை இடித்துவிட்டு மிதவை மேடை போட்டேன். கரையிலிருந்து அதற்குக் கீல் வைத்த பாலம். நீர் ஏறினால் மேடையும் ஏறும், இறங்கினால் இறங்கும். ஒரு வருடம் நோட்டு எழுதியிருந்தால் அந்தச் செலவு ஒரு தடவையோடு போயிருக்கும்.

கூரை மரமா ஓடா என்பது இப்போதைக்கு வேண்டாம்.

---

கீழ்க்காற்று

துடுப்பு அண்ணன் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். நான் 20 வருடமாகப் படகோட்டி வழிகாட்டி. மூன்று விடுதிகளில் வேலை பார்த்தவன். எங்கள் பக்கத்திலிருந்து சிலது சொல்ல வேண்டும்.

24 பேர், 6 படகு என்றால் படகுக்கு நான்கு பேர். அது ஊர் சுற்றிக் காட்டும் படகு. தூண்டில் வீச வருகிறவர்களுக்குப் படகுக்கு இரண்டு பேர்தான். ஒருவர் படகின் முன்பக்கத்தில் நின்று வீசுவார், இன்னொருவர் பின்னால். நான்கு பேர் ஒரே நேரத்தில் வீசினால் முள் யார் காதில் மாட்டும் என்று பார்ப்பதே என் வேலையாகிவிடும், மீனை எப்போது தேடுவது?

அப்புறம், எங்கள் நாள் உங்கள் விருந்தினர் நாளைவிட நீளம். அவர்கள் 5 மணிக்குப் படகில் ஏறுகிறார்கள் என்றால் நான் 4 மணிக்கே இரை பார்த்து, எரிபொருள் நிரப்பி, லைன் (தூண்டில் நரம்பு) நுனி முடிச்சுகளை இழுத்துப் பார்த்து முடித்திருக்க வேண்டும். மாலை அவர்கள் குளிக்கப் போன பிறகும் எனக்கு இரண்டு மணி நேர வேலை இருக்கும். படகோட்டிக்குப் படுக்க நல்ல அறை, நல்ல சாப்பாடு, பருவம் இல்லாத மாதங்களிலும் ஒரு பகுதிச் சம்பளம், இவற்றை வரைபடத்திலேயே போடுங்கள். நீங்கள் சொன்ன 12 அறையில் எங்களுக்கான அறை எது?

நல்ல படகோட்டி ஒரே வருடத்தில் கிடைப்பதில்லை. எந்தப் பாறைக்குப் பின்னால் எந்த நீர்மட்டத்தில் மீன் நிற்கும் என்பது தலைக்குள் மெதுவாகத்தான் சேரும். பருவம் முடிந்ததும் அவனை அனுப்பிவிட்டால் உங்கள் ஆற்றின் பாதியை அவன் எடுத்துக்கொண்டு போகிறான்.

பாதுகாப்பு விஷயத்தில் ஒரே விதி: படகோட்டி "திரும்பலாம்" என்றால் படகு திரும்ப வேண்டும். முதலாளியும் பேசக் கூடாது, விருந்தினரும் பேசக் கூடாது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இடி தொடங்கியபோது திரும்பினேன். விருந்தினர் கோபப்பட்டார் என்று அன்றிரவு எனக்கு ஏச்சு விழுந்தது. கார்பன் இழைத் தூண்டில் கழி மின்சாரத்தைக் கடத்தும். திறந்த தண்ணீரில் அதைத் தூக்கிப் பிடித்து நிற்பது இடிதாங்கியைப் பிடித்து நிற்பது போல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி தண்ணீருக்குப் போக வேண்டும். அந்த விடுதியில் அடுத்த பருவத்துக்கு நான் போகவில்லை.

எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு தொடக் கூடாது. கடல் பக்கம் போகும் படகில் வி.எச்.எஃப். வானொலி கட்டாயம், ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனல் திறந்தே இருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தும் அந்தச் சிவப்புச் சுருள் கயிறு ஓட்டுகிறவன் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். அவன் தடுமாறித் தண்ணீரில் விழுந்தால் ஓடும் படகு வட்டமடித்து அவன் மேலேயே வரும்.

---

இரண்டு சிலிண்டர்

எஞ்சின் பழுதுபார்ப்பவன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

எல்லாப் படகுக்கும் ஒரே நிறுவனம், ஒரே குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்) வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று நான்கு வகை வாங்கினால் நான்கு வகை உதிரிப்பாகம் அடுக்க வேண்டும். உபரியாக ஒரு முழு எஞ்சின் கொட்டகையில் தயாராகத் தொங்க வேண்டும். ஒவ்வொரு படகிலும் மாற்று உந்துவிசிறி (புரொப்பல்லர்), ஸ்பார்க் பிளக், எரிபொருளில் தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி. வழியில் நிற்கும் எஞ்சின்களில் நான் திறந்து பார்த்தவற்றில் பாதிக்கு மேல் எரிபொருளில் கலந்த தண்ணீர்தான் காரணம். உப்புநீருக்குப் போய்வந்த எஞ்சினை அன்றைக்கே நன்னீர் ஓடவிட்டுக் கழுவ வேண்டும். நாளைக்குக் கழுவலாம் என்ற பேச்சே கூடாது.

ஜெனரேட்டர் பெரிதாக வாங்காதீர்கள். டீசல் ஜெனரேட்டரை மூன்றில் ஒரு பங்குச் சுமைக்கும் கீழே நாள் கணக்கில் ஓடவிட்டால் எரியாத டீசல் புகைக்குழாயில் கரிப்பசையாய்ச் சேரும். இரவில் மின்கலத்திலும் இன்வர்ட்டரிலும் ஓட்டுங்கள். 4 மணிக்கு எழ வேண்டியவர்கள் தூங்கட்டும்.

---

பயணப்பை

வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து ஒருவன் பேசட்டும். வருடம் ஒரு முறை, சில வருடம் இரண்டு முறை, தூண்டிலுக்காகவே பயணம் போகிறவன் நான்.

எல்லோரும் படகோட்டி, எஞ்சின் என்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் காசு கொடுப்பது மீனுக்கு. பிடித்த மீனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, திரும்ப விட்டுவிட வேண்டும் என்று சொல்லும் விடுதிகளுக்கு எனக்கு மனம் போவதில்லை. பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோய் வீட்டாரோடு சாப்பிட வேண்டும். நீர்க்கரை அந்த வசதியையும் சேர்த்துச் சொல்லியிருப்பது எனக்குப் பிடித்தது. அதைக் கைவிட வேண்டாம்.

இன்னொன்று. பல விடுதிகளில் அறை அழகாக இருக்கும், ஈரத்துணி காயப்போட இடம் இருக்காது. இரண்டாம் நாள் காலை ஈரக் காலணியில் கால் விடுவதை நினைத்துப் பாருங்கள். சூடான காற்று ஓடும் ஒரு சின்ன அறை, சுவரில் ஆளுக்கொரு கொக்கி, காலணியைக் கவிழ்த்து மாட்ட ஒரு கட்டை. உங்கள் பெரிய முற்றத்தைவிட இதற்குத்தான் நான் நன்றி சொல்வேன்.

---

செவுள்

பயணப்பை, உங்கள் ஆசையில் தவறில்லை. மீன்வளம் படித்தவள் என்ற முறையில் இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன். எடுத்துக்கொள்ளும் மீனுக்கு ஒரு முறை இருக்கிறது, திரும்ப விடும் மீனுக்கு ஒரு முறை இருக்கிறது. இரண்டையும் கலந்தால்தான் ஆறு கெடுகிறது.

1992இல் வெளிவந்த ஓர் ஆய்வை நான் எல்லோருக்கும் சொல்வேன். வானவில் டிரௌட் மீன்களைக் களைத்துப்போகும் வரை நீந்த வைத்தார்கள். அதோடு தண்ணீரில் விட்டுவிட்ட மீன்களில் 12 சதவீதம் 12 மணி நேரத்துக்குள் இறந்தன. களைத்த பிறகு 30 வினாடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவீதம். 60 வினாடி வைத்தவற்றில் 72 சதவீதம். இது சோதனைச்சாலையில், ஒரே இன மீனில் கிடைத்த எண். எல்லா மீனுக்கும் எல்லா ஆற்றுக்கும் இதையே பொருத்த முடியாது. ஆனால் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிகிறதல்லவா? செவுளின் மெல்லிய இதழ்கள் தண்ணீரில்தான் விரிந்து நிற்கும். காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஓடிக் களைத்து மூச்சு வாங்கும் ஒருவரின் மூக்கையும் வாயையும் பொத்துவது போன்ற காரியம் அது.

ஆகவே படம் எடுப்பதை இப்படிப் பழக்குங்கள். மீன் ரப்பர் வலைக்குள், தண்ணீரிலேயே இருக்கட்டும். கேமரா தயாராகும் வரை தூக்கக் கூடாது. கையை நனைத்துக்கொண்டு, ஒரு கை வால் பக்கம், ஒரு கை வயிற்றுக்கடியில். தூக்கு, படம், இறக்கு. உலர்ந்த கையால் பிடித்தால் உடம்பின் மேலுள்ள வழவழப்பு போய்விடும். அதுதான் நோய்க்கிருமி ஏறாமல் காக்கிறது. முள்ளில் பின்னோக்கி நிற்கும் சின்னக் கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட்டால் கழற்றுவது நொடி வேலை. இரை போட்டுப் பிடிப்பவர்களுக்கு வட்ட முள் (நுனி உள்நோக்கி வளைந்தது) கொடுங்கள். பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும். ஆனால் கடித்ததும் சுண்டி இழுக்கக் கூடாது, மெதுவாகச் சுற்றினால் போதும். விருந்தினருக்கு அதை முதல் நாளே பழக்க வேண்டும்.

தண்ணீர் சூடானால் அதில் கரைந்த ஆக்ஸிஜன் குறையும், மீனின் தேவை கூடும். டிரௌட் போன்ற குளிர்நீர் மீன்களுக்கு 20 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே கஷ்டம். அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் தொடர்ந்து மூன்று நாள் ஆறு சுமார் 23 டிகிரியைத் தொட்டால் மதியம் 2 மணி முதல் நள்ளிரவு வரை அங்கே மீன்பிடிக்கத் தடை வரும். துடுப்பு ஐயா 2 மணி வெப்பத்தை எழுதச் சொன்னது சும்மா இல்லை.

ஆழத்திலிருந்து வேகமாக இழுத்த மீனுக்கு உள்ளே காற்றுப்பை ஊதிவிடும். மேலே விட்டால் மிதக்கும், பறவைக்கு இரையாகும். எடை கட்டி அதே ஆழத்துக்கு இறக்கிவிடும் கருவி உண்டு. கடல் பக்கப் படகில் வையுங்கள்.

எடுத்துக்கொள்வதற்கு அளவு வைக்கும் ஊர்களைப் பாருங்கள். மத்திய அமெரிக்க நாடான பெலீஸ் 2009இல் போன்ஃபிஷ், பெர்மிட், டார்ப்பன் மூன்றையும் பிடித்தால் விட்டே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. அங்கே மற்ற மீனை எடுக்கலாம், இந்த மூன்றை மட்டும் கூடாது. நார்வேயில் 2018 முதல் சுற்றுலா மீன்பிடித் தொழில் நடத்துகிறவர்கள் பதிவு செய்து, பிடிபட்ட மீனின் கணக்கை அரசுக்குக் கொடுக்கிறார்கள். உங்கள் விடுதியிலும் எந்த மீன், எந்த அளவுக்குள், ஆளுக்கு எத்தனை என்று எழுதி ஒட்டுங்கள். முட்டை சுமக்கும் பெரிய மீனை விடச் சொல்லுங்கள்.

---

பயணப்பை

72 சதவீதம் என்பதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். விட்டுவிட்டேன் என்று நினைத்த எத்தனையோ மீனை நான் ஒரு நிமிடத்துக்கு மேல் கையில் வைத்திருந்திருக்கிறேன். நன்றி, செவுள். எடுப்பதற்கு அளவு, விடுவதற்கு முறை என்றால் எனக்குச் சம்மதம்.

---

சமையலறை விளக்கு

மீன்பிடி விடுதியில் சமையலறையும் நிர்வாகமும் சேர்த்துப் பார்த்தவள். தம்பி நீர்க்கரை "சுத்தம் செய்து உறையவைத்துக் கட்டிக்கொடுப்பது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார். அந்த ஒரு வரிக்குள் இருக்கும் வேலையைச் சொல்கிறேன்.

எடுக்கப்போகும் மீனைப் படகிலேயே உடனே கொன்று, செவுளுக்குக் கீழே வெட்டி ரத்தம் வடிய விட வேண்டும். அப்புறம் ஐஸும் உப்புநீரும் கலந்த குழம்பில் முழுக வைக்க வேண்டும். வெறும் ஐஸ்கட்டி மேல் வைத்தால் தொட்ட இடம் மட்டும்தான் குளிரும். சூரை, கானாங்கெளுத்தி வகைகளை வெயிலில் சில மணி நேரம் போட்டுவிட்டால் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகும். அதைச் சமைத்தும் போக்க முடியாது, உறையவைத்தும் போக்க முடியாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலைவலித்து, உடம்பெல்லாம் தடிக்கும். பவளப்பாறைப் பக்கம் பிடிக்கும் பெரிய சீலா, பெரிய களவா வகைகளில் சிகுவாடெரா என்ற நச்சு இருக்கலாம். அதுவும் கொதியில் அழியாது. அந்த வகைப் பெரிய மீன்களை எங்கள் சமையலறையில் வாங்கவே மாட்டோம், விருந்தினர் எவ்வளவு கேட்டாலும்.

பச்சையாகச் சாப்பிடக் கேட்பவர்கள் உண்டு. அதற்கு மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைந்திருந்தால்தான் ஒட்டுண்ணிகள் சாகும். இன்று பிடித்ததை இன்றே பச்சையாகத் தர மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காற்று நீக்கிக் கட்டிக்கொடுக்கும் பொட்டலத்தின் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: "உருக வைக்கும் முன் பையைத் திறந்துவிடவும்." காற்றில்லாத பைக்குள் மீன் மெல்ல உருகினால் போட்டுலிசம் என்ற கடும் உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. அதே சீட்டில் பிடித்தவர் பெயர், மீன் வகை, தேதி, எடை. ஒருமுறை இரண்டு குடும்பத்தின் பொட்டலங்கள் மாறிப்போய், ஒரு சிறுமி தான் பிடித்த முதல் மீன் வேறு யார் வீட்டுக்கோ போய்விட்டது என்று தொலைபேசியில் அழுதாள். அன்றிலிருந்து சீட்டு இல்லாமல் எந்தப் பையும் என் மேசையைத் தாண்டியதில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம், நேரம். கழிமுகத்தில் மீன்பிடிப்பதானால் கடல்நீரின் ஏற்றமும் வற்றமும்தான் கடிகாரம். ஒவ்வொரு நாளும் அது சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். திங்கள்கிழமை 5 மணிக்குப் படகு கிளம்பினால் வெள்ளிக்கிழமை 8 மணி தாண்டிவிடும். காலைச் சாப்பாடு 7 மணிக்கு என்று பலகையில் எழுதிப் போடும் விடுதி அங்கேயே தோற்றது. நான் ஒவ்வொரு ஞாயிறும் அடுத்த ஏழு நாள் ஓத அட்டவணையை அடுப்புக்கு எதிரே ஒட்டி, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வேலையாட்களின் நேரம் எழுதுவேன். படகில் போகும் சாப்பாடு ஒரு கையால் சாப்பிடக் கூடியதாக இருக்க வேண்டும். இன்னொரு கையில் தூண்டில் இருக்கும்.

---

பழைய துடுப்பு

அம்மா எழுதியதை அச்சிட்டுச் சுவரில் ஒட்ட வேண்டும்.

எனக்குப் பணம் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முன்பதிவுப் பணம். இந்தத் தொழிலில் ஆறு மாதம், ஒரு வருடம் முன்பே பணம் வந்துவிடும். அது கையில் இருக்கும்போது நம் பணம் போலத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு விடுதி அடுத்த பருவத்து முன்பணத்தில் புதுப் படகு வாங்கியது. அந்த வருடம் வெள்ளம் ஆறு வாரம் ஆற்றை மூடிவிட்டது. திருப்பிக் கொடுக்கப் பணம் இல்லை, படகை விற்றாலும் போதவில்லை. முன்பணத்துக்குத் தனிக் கணக்கு வையுங்கள். அந்த விருந்தினர் வந்து தங்கிப் போன பிறகு எடுங்கள். வெள்ளம் வந்தால் என்ன, அவரே வர முடியாவிட்டால் என்ன, விமானம் தாமதமானால் என்ன, மூன்றுக்கும் தனித்தனியாக முன்பே எழுதிக் கொடுங்கள்.

விளம்பரத்திலும் கவனம். ஒரு முகவர் எங்களைக் கேட்காமல் "தினமும் மீன் நிச்சயம்" என்று அச்சடித்து ஆள் அனுப்பினார். அந்த வாரம் மேலே மழை பெய்து ஆறு தேநீர் நிறத்தில் ஓடியது. எட்டுப் பேர், நான்கு நாள், இரண்டே மீன். அவர்கள் கோபம் நியாயமானது. அவர்களுக்குச் சொல்லப்பட்டது பொய். அதற்குப் பிறகு என் நோட்டுக் கணக்கையே மாத வாரியாக அனுப்ப ஆரம்பித்தேன். இந்த மாதத்தில் ஒருவர் ஒரு நாளில் சராசரியாக இத்தனை மீன், ஒன்றுமே கிடைக்காத நாட்கள் இத்தனை என்று. முன்பதிவு குறையும் என்று பயந்தேன். குறையவில்லை. வந்தவர்கள் தெரிந்தே வந்தார்கள்.

அந்த எட்டுப் பேர் வாரத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் அவர்களில் மூத்தவருக்கு முள் கட்டைவிரலின் அடியில் கொக்கி முழுக்க ஏறிவிட்டது. எங்கள் படகோட்டி பதறவில்லை. ஒரு துண்டு லைனை முள்ளின் வளைவில் சுற்றினார். இன்னொரு கையால் முள்ளின் தண்டைத் தோலோடு சேர்த்து அழுத்தினார். "அங்கே பாருங்கள், நாரை" என்றார். அவர் திரும்பிய நொடியில் ஒரே சுண்டு. முள் வந்துவிட்டது, ஒரு சொட்டு ரத்தம்தான். கழுவிக் கட்டி, அன்றைக்கே ஊசிக்கு அழைத்துப் போனோம். (கண்ணுக்குப் பக்கத்திலோ மூட்டிலோ ஏறியிருந்தால் இதைச் செய்யக் கூடாது, அப்படியே மருத்துவரிடம் போக வேண்டும்.) மீன் சரியாகக் கிடைக்காமல் திரும்பிய அந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் அடுத்த வருடம் வந்தார்கள். அந்தப் படகோட்டி இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் பணம் அனுப்பினார்கள்.

---

நீர்க்கரை

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு வாரமாக எழுதாததற்குக் காரணம், ஆற்றில் இருந்தேன்.

பத்து இடம் குறித்தேன். இரண்டு வார நோட்டுதான் என்றாலும் ஒன்று தெரிந்துவிட்டது. முற்றத்துக்கு நேர் எதிரே, நான் துறை போட நினைத்த இடத்தில், மதியம் 2 மணிக்குத் தண்ணீர் மேல்பக்க வளைவைவிட 3 டிகிரி அதிகச் சூடு. ஆழமில்லை, நிழலும் இல்லை. வளைவில் மரங்கள் தண்ணீர் மேல் சாய்ந்து நிற்கின்றன, கரையிலிருந்து ஊற்று ஒன்று கசிகிறது. அப்பா அந்த மரங்களை வெட்டினால் அறையிலிருந்து ஆறு தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெப்பமானியை அவர் கையிலேயே கொடுத்து இரண்டு இடத்திலும் பார்க்கச் சொன்னேன். மரம் நிற்கட்டும் என்றார்.

திட்டம் இப்போது இப்படி மாறியிருக்கிறது. விருந்தினருக்கு 4 அறை, 8 பேர். படகு 4, எல்லாம் ஒரே எஞ்சின், உபரி ஒன்று. படகோட்டிகளுக்கு 4 அறை, விருந்தினர் அறையின் அதே சுவர், அதே கூரை. உலர்த்தும் அறை. மீன் வெட்டும் அறை தனியாக, குளிர்பெட்டி அதற்குள்ளேயே. முற்றம் சின்னது. கட்டுவது அடுத்த வருடம், நோட்டு முடிந்த பிறகு. கீழ்க்கரைக் கிராமத்தில் காலம் காலமாக மீன்பிடிக்கும் பெரியவர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். முதலில் சந்தேகமாகப் பார்த்தார், நாங்கள் வந்தால் அவர்கள் பிழைப்பு என்ன ஆகும் என்று. அவர்கள் வலை போடும் இடங்களில் எங்கள் படகு நுழையாது என்று எழுதித் தருவதாகச் சொன்னேன். அவர் பேரன் படகோட்டியாக வரலாம் என்றார்.

இரண்டு கேள்வி. பருவம் இல்லாத மாதங்களில் கட்டடத்தைப் பூட்டி வைக்கலாமா? வேறு நீர்நிலைகளிலிருந்து விருந்தினர் கொண்டுவரும் சாமான்களால் நோய் வரும் என்கிறார்களே, உண்மையா?

---

செவுள்

உண்மை. நோய் மட்டுமில்லை, வேண்டாத பாசியும் வரும். நியூசிலாந்தின் ஆறுகளில் டிடிமோ என்ற பாசி 2004இல் கண்டுபிடிக்கப்பட்டது. தண்ணீருக்குள் நடக்கும் காலணிகளின் கம்பளி அடிப்பாகம் காயவே காயாது, அதில் பாசி உயிரோடு பயணம் போகும் என்பதால் 2008இல் அந்த வகைக் காலணிகளையே அங்கே தடை செய்தார்கள். உங்களிடம் வருகிறவர்களுக்குக் காலணி, வலை இரண்டையும் நீங்களே கொடுங்கள். அவர்கள் சொந்தமாகக் கொண்டுவந்தால் பார்த்து, கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே ஆற்றில் இறக்குங்கள். வேறு நீர்நிலையின் உயிர் இரையை வாங்கவே வேண்டாம்.

மரத்தை வெட்டாதது பற்றி ரொம்ப சந்தோஷம்.

---

சமையலறை விளக்கு

பூட்டி வைப்பது பற்றி: குழாய்களில் மாதக் கணக்கில் தண்ணீர் தேங்கினால் லெஜியனெல்லா கிருமி வளரும். 20 முதல் 45 டிகிரி வரை அதற்குப் பிடித்த வெப்பம். குளிக்கும்போது தெறிக்கும் நுண்துளியோடு நுரையீரலுக்குப் போகும். வாரம் ஒருமுறை எல்லாக் குழாயையும் சில நிமிடம் திறந்து விடுங்கள், வெந்நீர்த் தொட்டியை 60 டிகிரியில் வையுங்கள். திறப்பதற்கு முந்தைய வாரம் ஷவர் தலைகளைக் கழற்றித் தேய்த்துக் கழுவுங்கள். ஒருவர் நிரந்தரமாக அங்கே இருந்தால்தான் இது நடக்கும்.

---

கீழ்க்காற்று

அந்த ஒருவர் படகோட்டியாக இருக்கட்டும். பருவம் இல்லாத மாதங்களில் படகு அடிப்பாகம் சுரண்டிப் பூசுவது, ரீல் பிரித்து எண்ணெய் விடுவது, லைன் நுனிகள் கட்டி வைப்பது, உங்கள் நோட்டு எழுதுவது என்று வேலை நிறைய. பெரியவரின் பேரனை இப்போதே கூட்டிக்கொண்டு போங்கள், வாரா வாரம். வெப்பமானியை அவன் பிடிக்கட்டும், நீங்கள் எழுதுங்கள்.

வெள்ளைத் தட்டின் கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டுவிட்டீர்களா? ஈரக் கையில் மையால் போட்ட குறி அழிந்துவிடும்.

---

நீர்க்கரை

மையால்தான் போட்டிருந்தேன், அண்ணா, அழிந்தும் விட்டது. இன்று மாலை முடிச்சு போடுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை 5 மணிக்குப் பையன் துறைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.